செக்கு எண்ணெய் விற்கும் எங்கள் இணையதளத்தில் எளிய ஷாப்பிங் கார்ட் ஒன்றைச் சேர்ப்பது எப்படி?

காங்கேயம்_செக்கு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்தில் எங்கள் குடும்பம் மரச்செக்கு எண்ணெய் ஆலை ஒன்றை நடத்தி வருகிறது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆகிய மூன்றையும் அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் கேன் என்று விற்கிறோம். ஆக மொத்தம் ஒன்பது சரக்குகள்தாம். ஐந்து பக்கங்கள் கொண்ட இணையதளம் ஒன்றும் இருக்கிறது. அது வேர்ட்பிரஸ் போன்ற எதிலும் கட்டப்பட்டதன்று, வெறும் ஹெச்.டி.எம்.எல். கோப்புகள். விலைப்பட்டியலும் கைபேசி எண்ணும் அதில் உண்டு. வாங்க விரும்புகிறவர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவார், நாங்கள் தொகையைச் சொல்வோம், அவர் யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பி அதன் ஸ்கிரீன்ஷாட்டைப் போடுவார், பிறகு முகவரியைக் கேட்டு வாங்கிப் பார்சல் கட்டுவோம்.

ஆர்டர் குறைவாக இருந்தவரை இதில் சிரமம் தெரியவில்லை. தீபாவளி, பொங்கலை ஒட்டிய வாரங்களில் யார் பணம் கட்டினார்கள், யார் விலை மட்டும் விசாரித்தார்கள் என்று பிரித்துப் பார்க்கவே இரவு பத்து மணி ஆகிவிடுகிறது. முகவரி மூன்று நான்கு செய்திகளாகச் சிதறி வருகிறது. அதில் பின்கோடு இருப்பதில்லை. ஒரே நாளில் ஒரே தொகை இரண்டு பேரிடமிருந்து வந்துவிட்டால் எது யாருடையது என்று வங்கிக் கணக்கைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. பழைய ஸ்கிரீன்ஷாட்டில் தேதியை மாற்றி அனுப்பியவர்களும் உண்டு.

எனக்கு ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். நன்றாகவும் ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவும் தெரியும். சம்பளத்துக்கு நிரலாளரை வைத்துக்கொள்ளும் நிலையில் நாங்கள் இல்லை. பெரிய சந்தைத் தளங்களில் சரக்கைப் போட அப்பாவுக்கு விருப்பமில்லை. வாங்குபவரோடு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்கிறார். இருக்கிற தளத்தை வைத்துக்கொண்டே கார்ட் சேர்க்க முடியுமா, அல்லது எல்லாவற்றையும் வேர்ட்பிரஸுக்கு மாற்றியே தீர வேண்டுமா? எடைக்கும் ஊருக்கும் ஏற்ப அனுப்பும் செலவைக் கணக்கிட வேண்டும் என்பதும், பணம் வந்ததா என்பதை இயந்திரமே சொல்ல வேண்டும் என்பதும் எங்கள் தேவை. சட்டப்படி செய்ய வேண்டியவை எவை என்று தெரிந்தவர்கள் அதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வலைத்தச்சன் எழுதியது:

வணக்கம் நண்பரே. கார்ட் என்று நாம் ஒரே சொல்லாகச் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. வாங்குபவர் பக்கம் விட்டுப் பக்கம் போனாலும் அவர் எதை எத்தனை எடுத்தார் என்பதை நினைவில் வைத்திருப்பது ஒன்று; அந்தப் பட்டியலுக்குரிய பணம் முழுமையாக வந்துவிட்டதை உறுதிசெய்து அதை ஓர் ஆர்டராகப் பதிவு செய்வது மற்றொன்று. முதல் வேலை தீர்ந்துபோன பழைய கதை. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஹெச்.டி.டி.பி. நெறிமுறைக்கு இயல்பாக நினைவு கிடையாது என்பதால், 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுலி உலாவியில் சேமிக்கப்படும் குக்கி என்ற சிறு குறிப்பை உருவாக்கினார்; அதற்குத் தூண்டுதலாக இருந்ததே இணையக் கடை ஒன்றின் முடிவடையாத கொள்முதலை வாங்குபவரின் கணினியிலேயே வைக்க வேண்டும் என்ற தேவைதான். இன்று உலாவி தன்னிடமே தகவலைச் சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜைக் கொண்டு ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்தவர்கூட அதை எழுதிவிடலாம். நீங்கள் சொன்ன தொல்லைகள் அத்தனையும் இரண்டாவது வேலையைச் சேர்ந்தவை. ஆகவே எந்தக் கார்ட் அழகாக இருக்கிறது என்று தேடாமல், பணம் வந்த பிறகு நடக்கும் வேலையை எது நன்றாகச் செய்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிறிய கார்ட் ஸ்கிரிப்ட்களில் பலவற்றில் ஒரு பொதுவான ஓட்டை இருக்கிறது. சரக்கின் விலை பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். மொத்தத் தொகையை உலாவியே கூட்டி, பணம் வாங்கும் பக்கத்துக்கு அனுப்பும். உலாவியில் உள்ள டெவலப்பர் டூல்ஸைத் திறந்து 2,100 என்பதை 21 என்று மாற்றினால், 21 ரூபாய்க்குப் பணம் செலுத்திவிட்டு ஐந்து லிட்டர் கேனுக்கு ரசீதும் பெற்றுவிடலாம். ஆர்டரைக் கண்ணால் பார்த்துக் கட்டும் சிறு கடையில் இது பெரும்பாலும் பிடிபட்டுவிடும் என்றாலும், பண்டிகை நெரிசலில் யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். விலையை உலாவி சொல்லக் கூடாது. எந்தச் சரக்கு, எத்தனை என்பதை மட்டுமே அது சொல்ல வேண்டும். விலை உங்கள் சர்வரிலிருந்தே வர வேண்டும். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

இருக்கிற தளத்தைக் கலைக்க வேண்டியதில்லை. அது அப்படியே இருக்கட்டும். கடைக்கு மட்டும் ஒரு சப்டொமைன் (உங்கள் தள முகவரியின் முன் ஒரு சொல் சேர்த்த துணை முகவரி) வைத்து, அதில் வேர்ட்பிரஸையும், அதனுடன் இயங்கும் கடை மென்பொருளான வூகாமர்ஸையும் நிறுவுங்கள். உங்கள் விலைப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் அருகில் ‘வாங்க’ என்று ஒரு பொத்தானை வைத்து அதைக் கடையின் அந்தச் சரக்குப் பக்கத்துக்கு இணைத்துவிட்டால் போதும். வூகாமர்ஸ் 2011 முதல் இருக்கிறது, 2015இல் வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதை வாங்கியது. மூல மென்பொருள் இலவசம். இணையத்தில் பணம் வாங்கித் தரும் இந்தியப் பேமென்ட் கேட்வேக்களான ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு, சிசிஅவென்யூ ஆகியவற்றுக்கு அதில் ப்ளக்இன்கள் (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்கள்) கிடைக்கின்றன. இந்திய மாநிலங்களின் பட்டியல் முன்பே அதில் இருப்பதால் மாநிலவாரியாக அனுப்பும் செலவை வைப்பதும் எளிது.

மாதச் சந்தாவில் இணையக் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபையும் நல்ல மென்பொருள்தான். பராமரிப்புத் தலைவலி இல்லை. ஆனால் அந்நிறுவனத்தின் சொந்தப் பணம் வாங்கும் வசதி இந்தியாவில் கிடையாது. வெளியார் கேட்வேயைத்தான் இணைக்க வேண்டும். அப்படி இணைத்தால் மாதச் சந்தாவும் கேட்வே கட்டணமும் போக, ஷாப்பிஃபையும் விற்பனையில் ஒரு விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். எண்ணெய் போன்ற குறைந்த லாபமுள்ள சரக்குக்கு இது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. ஹெச்.டி.எம்.எல். பக்கத்தில் நேரடியாகப் பதிக்கக்கூடிய ஸ்னிப்கார்ட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். சரக்குப் பக்கத்தைத் தானே வந்து படித்து விலையைச் சரிபார்க்கும் அதன் முறை நேர்த்தியானதுதான். ஆனால் அது முக்கியமாகச் சார்ந்திருக்கும் ஸ்ட்ரைப் என்ற கேட்வே, 2024 முதல் இந்தியாவில் அழைப்பு கிடைத்தவர்களுக்கு மட்டுமே புதிய கணக்கைத் தருகிறது.

நிரலி எழுதியது:

வலைத்தச்சன் ஐயா சொன்ன நோய்க்கணிப்பில் எனக்கு முழு உடன்பாடு உண்டு, மருந்தில் இல்லை. ஒன்பது சரக்குக்காக வேர்ட்பிரஸைச் சுமப்பது என்பது வாராவாரம் மையமென்பொருளையும், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் கோப்புகளையும், ஏழெட்டு ப்ளக்இன்களையும் புதுப்பித்துக்கொண்டும், ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் பணம் கட்டும் செக்அவுட் பக்கம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டும், பேக்கப் எடுத்துக்கொண்டும் இருப்பதாகும். முழுநேர ஆள் இல்லாத இடத்தில் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் வேர்ட்பிரஸ், இன்று இருக்கும் வெறும் ஹெச்.டி.எம்.எல். தளத்தைவிட ஆபத்தானது.

கேட்டவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும் என்பதால் வேறொரு வழி சொல்கிறேன். இப்போதுள்ள பக்கங்களிலேயே கார்ட்டை லோக்கல் ஸ்டோரேஜில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் பக்கம் ஒரே ஒரு சிறு நிரல் போதும். சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் பி.ஹெச்.பி. கோப்பாகவே அதை வைக்கலாம். உலாவி சரக்கு எண்ணையும் எண்ணிக்கையையும் பின்கோடையும் அனுப்பும். அந்த நிரல் தன்னிடமுள்ள விலைப்பட்டியலைப் பார்த்துத் தொகையைக் கூட்டி, அனுப்பும் செலவைச் சேர்த்து, கேட்வேயிடம் ஓர் ஆர்டர் எண்ணைக் கேட்டு வாங்கும். பணம் செலுத்தும் சாளரம் அந்த எண்ணைக் கொண்டு திறக்கும். அதன் பிறகு யாரும் தொகையை மாற்ற முடியாது. ஒரே தொகை இரண்டு பேரிடமிருந்து வந்தாலும் ஒவ்வொன்றும் தன் ஆர்டர் எண்ணோடு வருவதால் உங்கள் இரவுக் கணக்கும் தீர்ந்தது.

இதில் புதியவர்கள் இடறும் இடங்கள் சில உண்டு. ரேசர்பேக்குத் தொகையைப் பைசாவில் சொல்ல வேண்டும். 420 ரூபாய் என்றால் 42000 என்று அனுப்ப வேண்டும். 420 என்றே அனுப்பிவிட்டால் வாங்குபவரிடம் நான்கு ரூபாய் இருபது காசுதான் கேட்கும். அடுத்து, பணம் கட்டியதும் உலாவிக்குத் திரும்பி வரும் ‘வெற்றி’ என்ற செய்தியை நம்பி ஆர்டரைப் பதியக் கூடாது. அதனுடன் வரும் கையொப்பத்தை கேட்வே உங்களுக்குத் தந்த ரகசியச் சாவியைக் கொண்டு சர்வரில் மீண்டும் கணக்கிட்டு, இரண்டும் பொருந்தினால்தான் அது கேட்வேயிடமிருந்து வந்த உண்மைச் செய்தி. அந்த ரகசியச் சாவி சர்வரில் மட்டும் இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் எழுதிவிட்டால் தளத்துக்கு வருகிற எவரும் அதைப் படித்துவிடலாம்.

இதைவிட முக்கியமானது வெப்ஹூக். நம்மூரில் பெரும்பாலோர் கைபேசியில்தான் வாங்குகிறார்கள். பணம் கட்ட யு.பி.ஐ. செயலிக்குப் போகிறவர், பின் எண்ணைப் போட்டு டிக் விழுந்ததும் அப்படியே கைபேசியைப் பையில் போட்டுவிடுவார். உலாவிக்குத் திரும்பி வரவே மாட்டார். பணம் போய்விட்டது, உங்கள் தளத்துக்கோ ஒன்றும் தெரியாது. கேட்வே நேரடியாக உங்கள் சர்வருக்குத் தகவல் அனுப்பும் வெப்ஹூக்கை அமைத்திருந்தால் மட்டுமே இத்தகைய ஆர்டர்கள் விடுபடாது. ஒரே தகவல் இரண்டு முறை வருவதும் உண்டு என்பதால், அந்த ஆர்டர் முன்பே பதியப்பட்டதா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு பார்சல் போகும்.

இவ்வளவும் இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றினால், பணம் வாங்காத கார்ட் ஒன்றை முதலில் போடுங்கள். வாங்குபவர் சரக்கைத் தேர்ந்து, பெயர், முகவரி, பின்கோடு எல்லாவற்றையும் கட்டங்களில் நிரப்பிய பிறகு, பொத்தானைத் தட்டினால் முழு ஆர்டரும் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக உங்கள் எண்ணுக்கு வரும்படி செய்யலாம். அதற்கு சர்வரே தேவையில்லை. பின்கோடுக்கு ஆறு இலக்கம் கட்டாயம் என்று அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டாலே உங்கள் தொல்லையில் ஒரு பகுதி குறைந்துவிடும். இதனோடு கேட்வேயின் பேமென்ட் லிங்க்கை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினால் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டிய நிலையும் இராது. தளத்திலேயே யு.பி.ஐ. க்யூ.ஆர். படத்தைப் போட்டுவைப்பதை மட்டும் கார்ட் என்று எண்ணிவிடாதீர்கள். அது தொகையை நிரப்பித் தருமே தவிர, பணம் வந்ததா என்ற தகவலை உங்கள் தளத்துக்குத் திருப்பித் தராது.

ஏட்டுக்கணக்கு எழுதியது:

மென்பொருளைப் பற்றி இருவரும் விரிவாக எழுதிவிட்டார்கள். கேட்டவர் கடைசியில் ஒரு வரியாகச் சொன்ன சட்ட விஷயம்தான் கார்ட்டின் அமைப்பையே முடிவு செய்யும் என்பதால் அதைச் சொல்கிறேன்.

நீங்கள் ஜி.எஸ்.டி.யில் எப்படிப் பதிந்திருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு பொருந்தாது. முதல் பாட்டில் பெங்களூருக்குப் போவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு நிலையான விகிதத்தில் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. ஆகவே நீங்கள் பதியாதவராகவோ காம்போசிஷனிலோ இருந்தால், தமிழ்நாட்டுக்கு வெளியேயுள்ள முகவரியை ஏற்காதபடி கார்ட்டை அமைக்க வேண்டும். இதைக் கணக்கரிடம் கேட்காமலேயே கடையைத் திறந்துவிட்டு, ஆர்டர் வந்த பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வழக்கமான பதிவில் இருந்தால், சமையல் எண்ணெய்க்கு 5 விழுக்காடு. தமிழ்நாட்டுக்குள் என்றால் சி.ஜி.எஸ்.டி. (மத்திய வரி) 2.5, எஸ்.ஜி.எஸ்.டி. (மாநில வரி) 2.5, வெளிமாநிலம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலங்களுக்கிடையிலான வரி) 5. தேங்காய் எண்ணெயைச் சிறிய பாட்டிலில் விற்றால் அது தலைமுடி எண்ணெயா என்று பல ஆண்டுகளாக நடந்த வழக்கில், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பொதி சிறியது என்ற காரணத்தால் மட்டும் அது கேச எண்ணெய் ஆகிவிடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அதற்காக உங்கள் தளத்தில் ‘கூந்தல் அடர்த்தியாக வளரும்’ என்று விளம்பரம் எழுதி வகைப்பாட்டை நீங்களே குழப்பிக்கொள்ள வேண்டாம். அனுப்பும் செலவைத் தனியாக வாங்கினாலும் அது சரக்கின் மதிப்போடு சேர்ந்தது. அதற்கும் அதே விகிதத்தில் வரி உண்டு.

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த விலை. எனவே கார்ட்டில் 420 என்று காட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் அதன்மேல் வரி ஏற்றக் கூடாது. 400 சரக்கின் மதிப்பு, 20 வரி என்று பில்லில் பிரித்துக் காட்டுவதே முறை. வூகாமர்ஸில் ‘விலையில் வரி அடக்கம்’ என்பதைத் தேர்ந்துவிட்டு, சி.ஜி.எஸ்.டி.யைத் தமிழ்நாட்டுக்கு முன்னுரிமை 1 என்றும், எஸ்.ஜி.எஸ்.டி.யைத் தமிழ்நாட்டுக்கு முன்னுரிமை 2 என்றும், ஐ.ஜி.எஸ்.டி.யை மாநிலம் குறிப்பிடாமல் முன்னுரிமை 1 என்றும் எழுதுங்கள். ஒரே முன்னுரிமையில் ஒரு வரியை மட்டுமே அது எடுக்கும், அதிலும் மாநிலம் குறிப்பிட்ட வரிக்கே முதலிடம் என்பதால் இரண்டும் மோதிக்கொள்ளாது.

தளத்தில் காட்ட வேண்டியவை வேறு. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, எம்.ஆர்.பி. போன்றவை பாட்டிலின் லேபிளில் மட்டுமன்றி இணையப் பக்கத்திலும் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண், 2022 ஜனவரி முதல் பில்லிலும் கட்டாயம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் கேட்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆலையில் அப்பாவே அந்த அலுவலராக இருக்கலாம். பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. 2023 நவம்பரில் வந்த ஏமாற்று வடிவமைப்புகள் பற்றிய வழிகாட்டுதல்களில், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், கடைசிக் கட்டத்தில் புதிய கட்டணத்தைக் காட்டுவதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. ‘பேக்கிங் செலவு 40’ என்பதைப் பணம் கட்டும் பக்கத்தில்தான் முதன்முதலாகச் சொல்வது அந்த வகையில் வரும். அது வேண்டுமென்றால் சரக்குப் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பார்சல்_பெரியசாமி எழுதியது:

தம்பி, நான் மென்பொருள்காரன் அல்லன். தேனும் நெய்யும் அனுப்புகிறவன். கார்ட்டில் அனுப்பும் செலவை எடைக்கு ஏற்ப வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த எடை என்பதை முடிவு செய்துகொண்டு வையுங்கள். கூரியர் நிறுவனங்கள் தராசில் வரும் எடையையும், பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்குகின்றன. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 915 கிராம். பாட்டில், பபிள் ரேப், அட்டைப்பெட்டி சேர்த்து ஒன்றேகால் கிலோ வரும். ஆனால் உடையாமல் இருக்கச் சுற்றிலும் மெத்தென்று வைத்து 20, 20, 35 என்ற அளவுள்ள பெட்டியில் போட்டால் கணக்கு 2.8 கிலோ ஆகிவிடும். மூன்று கிலோவுக்குப் பில் வரும். அதே எண்ணெயை ஆறு பாட்டிலாக 33, 24, 34 பெட்டியில் நெருக்கி அடுக்கினால் கணக்கு 5.4தான், தராசு எடை ஆறேகாலைத் தொடும் என்பதால் ஆறரைக்குப் பில் வரும். அதாவது ஒற்றைப் பாட்டிலுக்கு மூன்று கிலோ, ஆறு பாட்டிலுக்கு ஆறரை கிலோ.

இதைக் கிராம் கணக்காகக் கார்ட்டில் எழுதினால் ஒற்றைப் பாட்டில் வாங்குபவர் ஒவ்வொருவராலும் உங்களுக்கு நஷ்டம். ஆகவே எடையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கணக்கில் வையுங்கள். ஒற்றைப் பாட்டில் பெட்டி, மூன்று பாட்டில் பெட்டி, ஆறு பாட்டில் பெட்டி, கேன் என்று நான்கு பெட்டிகளை முடிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ்நாட்டுக்கு ஒரு விலை, மற்ற தென் மாநிலங்களுக்கு ஒரு விலை, வடக்கே ஒரு விலை என்று எழுதிவிட்டால் போதும். இன்னும் மூன்று பாட்டில் சேர்த்தால் அனுப்பும் செலவு இவ்வளவுதான் கூடும் என்று கார்ட் பக்கத்திலேயே காட்டினால், பாதிப் பேர் சேர்த்து வாங்குவார்கள்.

எண்ணெயைத் தரைவழியில் மட்டும் அனுப்புங்கள். விமானத்தில் ஏறும் சேவைகளில் திரவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூடிக்குள் பாட்டில் வாயை ஒட்டி மூடும் தகடான இண்டக்‌ஷன் சீல் இல்லாத பாட்டிலைக் கூரியரில் போடவே வேண்டாம். வழியில் கசிந்தால் அந்த ஒரு பார்சல் மட்டுமல்ல, பக்கத்திலிருந்த அடுத்தவர் புடவைப் பார்சலும் போச்சு. 15 கிலோ டின்னைக் கார்ட்டில் சேர்க்காதீர்கள். ‘பேசி வாங்கவும்’ என்று எண்ணைப் போட்டு, லாரி பார்சல் சர்வீஸில் அனுப்புங்கள்.

காங்கேயம்_செக்கு எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஜி.எஸ்.டி.யில் நாங்கள் வழக்கமான பதிவில்தான் இருக்கிறோம் என்று கணக்கரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். வெளிமாநில விற்பனைக்குத் தடையில்லை. நிரலி அவர்கள் சொன்ன வாட்ஸ்அப் கார்ட்டை இப்போதுள்ள தளத்தில் உடனே போட்டுவிடுகிறேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சப்டொமைனில் வூகாமர்ஸை அமைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சொந்தமாக நிரல் எழுதினால் எனக்கு உடம்புக்கு முடியாத நாளில் அதைத் திறந்து பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை. வூகாமர்ஸில் ஆர்டரைப் பார்க்கத் தங்கைக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பதே காரணம்.

இரண்டு ஐயங்கள். கேஷ் ஆன் டெலிவரி வைக்காவிட்டால் புதியவர்கள் நம்பி வாங்குவார்களா? கேட்வே கட்டணத்தை விலையில் எப்படிச் சேர்ப்பது?

வலைத்தச்சன் எழுதியது:

நல்ல முடிவு. நிரலி அவர்கள் சொன்ன புதுப்பித்தல் சுமை உண்மையானதுதான். ஆகவே ப்ளக்இன்களைக் கேட்வே, மெயில், பில் என்று தேவைக்கு மட்டும் நிறுத்துங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2 விழுக்காடும் அந்தக் கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் என்று கொண்டால், 1,000 ரூபாய் ஆர்டருக்கு 23 ரூபாய் 60 காசு போகும். யு.பி.ஐ.க்கு 2020 ஜனவரி முதல் வங்கிகள் வணிகரிடம் பிடிக்கும் தள்ளுபடிக் கட்டணம் (எம்.டி.ஆர்.) இல்லைதான். ஆனாலும் கேட்வே நிறுவனங்கள் தங்கள் சேவைக்கென்று அதற்கும் வாங்குவதுண்டு. கணக்கு திறக்கும்போதே யு.பி.ஐ.க்குத் தனி விகிதம் கேட்டுப் பேசுங்கள். உங்கள் ஆர்டரில் பெரும்பகுதி அதில்தான் வரப்போகிறது. தொகையைத் தனியாக வசூலிக்காமல் எம்.ஆர்.பி.க்குள் அடக்குவதே நல்லது. கணக்கு திறக்க அவர்கள் உங்கள் தளத்தில் விதிமுறைகள், தனியுரிமை, பணம் திருப்புதல், அனுப்பும் முறை ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்; முதலில் அவற்றை எழுதி வையுங்கள். அட்டை எண்களைப் பற்றிய கவலை வேண்டாம். 2022 அக்டோபர் முதல் வணிகர்கள் அவற்றைச் சேமிக்கவே ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை; எல்லாம் கேட்வேயின் பக்கத்திலேயே நடந்துவிடும்.

கேஷ் ஆன் டெலிவரி ஆரம்பத்தில் வேண்டாம் என்பேன். வாங்காமல் திருப்பி அனுப்பினால் போக்குவரத்துச் செலவு இரண்டு பக்கமும் உங்கள் தலையில் விழும். வெயிலில் இரண்டு வாரம் சுற்றி வந்த எண்ணெயை மறுபடி விற்கவும் முடியாது. நம்பிக்கைக்கு ஆலையின் முகவரியும், எடுக்கப்படும் தொலைபேசி எண்ணும், செக்கு ஓடும் படமும் போதும். ஐந்து லிட்டர் வாங்கத் தயங்குகிறவருக்காகத்தான் அரை லிட்டர் பாட்டில் இருக்கிறது.

அமைக்கும்போது மறக்கக் கூடாத ஒன்று: ஹோஸ்டிங்கில் கேஷிங் (பக்கத்தின் நகலைச் சேமித்துவைத்துக் காட்டும் வசதி) இருந்தால் கார்ட், செக்அவுட், கணக்கு ஆகிய பக்கங்களை அதிலிருந்து விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சரக்கைச் சேர்த்த பிறகும் கூடை காலியாகவே தெரியும். கணக்குத் தொடங்காமலே வாங்கும் வசதியைத் திறந்து வையுங்கள். கைபேசி எண்ணைக் கட்டாயமாக்குங்கள். ஆர்டர் மின்னஞ்சல்கள் ஸ்பேம் பெட்டிக்குப் போகாமலிருக்க மின்னஞ்சல் சேவை ஒன்றின் எஸ்.எம்.டி.பி. வழியாக அனுப்புங்கள். குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்பினால் ஒன்றுக்கு 70 எழுத்துக் குறிகள்தாம் கொள்ளும், ஆங்கிலத்தில் 160. அதைவிட நீண்டால் இரண்டு செய்தியாகக் கணக்கு ஏறும்.

காங்கேயம்_செக்கு எழுதியது:

சோதனைமுறையில் கடை இயங்குகிறது. தமிழ்நாட்டு விலைக்கு 600இல் தொடங்குபவை முதல் 643இல் தொடங்குபவை வரையிலான பின்கோடுகளை ஒரே வரம்பாக எழுதினேன். புதுச்சேரி 605இல் வருவதால் அதுவும் தமிழ்நாட்டு விலையிலேயே வருகிறது. கூரியரும் அதே விலைதான் வாங்குகிறது; அப்படியே விட்டுவிடலாமா?

ஏட்டுக்கணக்கு எழுதியது:

அனுப்பும் செலவுக்கு விட்டுவிடலாம். வரிக்கு விடக் கூடாது. புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி என்பதால் அங்கு போகும் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. வர வேண்டும். 609இல் வரும் காரைக்காலும் அப்படியே. வரி அட்டவணையில் பின்கோடு எதையும் எழுதாமல் மாநிலத்தை மட்டும் வைத்தால் அது தானாகச் சரியாகிவிடும். ஆனால் வாங்குபவர் 605 என்று பின்கோடு போட்டுவிட்டு மாநிலத்தில் தமிழ்நாடு என்றே விட்டுவிடுவதுண்டு. 605இல் தொடங்கும் பின்கோடுகளில் விழுப்புரம் மாவட்டத்து ஊர்களும் இருக்கின்றன. அதனால் மென்பொருளைக் கொண்டு மாநிலத்தைத் தானாக மாற்ற முயலாதீர்கள். 605, 609 போன்ற ஆர்டர்களைத் தங்கையைப் பில் போடும் முன் ஊர் பெயரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.